டைம்ஷீட்டில் ஏழரை மணி நேரம்

கேள்வி: மின்னணு டைம்ஷீட்டில் ஏழரை மணி நேர வேலையை 7.30 என்று பதிவு செய்கிறேன். மாத முடிவில் மொத்த நேரம் குறைவாக வருவது ஏன்?

பதில்: உங்கள் டைம்ஷீட் நேரத்தைப் பதின்மக் கணக்கில், அதாவது ஒரு மணி நேரத்தை நூறு பங்காகக் கொண்டு, எடுத்துக்கொள்வதாகத் தெரிகிறது. அப்படியானால் 7.30 என்பது 7 மணி 18 நிமிடமாகவே பதிவாகி, நாள்தோறும் உங்கள் உழைப்பில் 12 நிமிடம் விடுபட்டுப் போகும். இது சிறிய இழப்பு அன்று. நிமிடங்களை 60ஆல் வகுத்து எழுதுங்கள்: 30 நிமிடம் 0.5, 45 நிமிடம் 0.75; ஆகவே ஏழரை மணி நேரம் 7.5 ஆகும். கட்டத்தில் மணியும் நிமிடமும் தனித்தனியே கேட்கப்பட்டால் இந்த மாற்றம் தேவையில்லை. ஏற்கெனவே ஒப்புதல் பெற்ற பதிவுகளிலும் இதே பிழை இருக்கும் என்பதால், நாள்வாரியாகப் பட்டியலிட்டு, அவற்றைத் திருத்தித் தருமாறு மேலாளரிடம் எழுத்து மூலம் தயங்காமல் கேளுங்கள்.