விண்வெளியும் துணிச்சலும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

விண்வெளி வீரர்களைப் பற்றிய தங்கள் குறிப்பைப் படித்தேன். ராக்கெட்டைக் கம்ப்யூட்டர்தான் ஓட்டுகிறது. அப்படியிருக்க, அமெரிக்கா அன்றும் இந்தியா இன்றும் ஏன் ராணுவ பைலட்டுகளையே தேடிப்பிடித்தன? உயிருக்குத் துணிந்தவர்கள் என்பதாலா? பிளஸ் ஒன் படிக்கும் என் மகள் விமானப்படை வழியாக விண்வெளிக்குப் போக வேண்டும் என்கிறாள். அவளுக்கு என்ன சொல்வது?

ஒரு வாசகர்,
கோவில்பட்டி

அன்புள்ள நண்பருக்கு,

துணிச்சல் வேண்டும்தான். ஆனால் அதை மட்டும் பார்த்து ஆள் எடுக்கவில்லை. 1958 கடைசியில் நாசா விண்வெளி வீரர்களின் முதல் குழுவைத் தேடியபோது, புதிய விமானங்களை ஓட்டிச் சோதிக்கும் ராணுவ டெஸ்ட் பைலட்டுகளிலிருந்தே எடுக்கலாம் என்று அதிபர் ஐசனோவர் முடிவு செய்தார். 508 பேரின் கோப்புகளைப் புரட்டி 110 பேரைப் பிரித்தார்கள். கடைசியில் தேறியவர்கள் 7 பேர். 40 வயதுக்குள் இருக்க வேண்டும், உயரம் 5 அடி 11 அங்குலத்தைத் தாண்டக் கூடாது, 1,500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும், டெஸ்ட் பைலட் பள்ளியில் தேறியிருக்க வேண்டும். இதில் கடைசி நிபந்தனைதான் உங்கள் கேள்விக்கான பதில்.

போர் விமானி விமானத்தை வைத்து ஒரு வேலையை முடிக்கிறார். டெஸ்ட் பைலட்டுக்கு அந்த விமானமேதான் வேலை. உயரத்தையும் வேகத்தையும் ஒரே நிலையில் பிடித்து வைத்துக்கொண்டு, ஒன்றே ஒன்றை மட்டும் மாற்றுவார். ஸ்டிக்கைச் சற்று இழுத்து விட்டால் மூக்கு எத்தனை முறை ஆடி அடங்குகிறது, கைக்கு எவ்வளவு கனம் தெரிகிறது என்று தொடையில் கட்டிய அட்டையில் குறித்துக்கொள்வார். பிறகு அடுத்த வேகம். இறங்கியதும் அறிக்கை. ‘விமானம் ஒரு மாதிரி இழுத்தது’ என்று எழுதினால் இன்ஜினியருக்கு ஒரு பயனும் இல்லை. எந்த உயரத்தில், என்ன வேகத்தில், எரிபொருள் எவ்வளவு மிச்சமிருக்கும்போது, எதைச் செய்ததும் இழுத்தது என்று எழுதினால்தான் அவரால் திருத்த முடியும்.

இதற்கு நான் காட்டும் ஆள் ஜான் யங். ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில் விமானப் பொறியியல் முடித்து 1952-ல் அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்தார். முதலில் கப்பலில் வேலை, பிறகு போர் விமானப் பிரிவு, 1959-ல் பாட்டக்ஸன்ட் ரிவர் கடற்படைத் தளத்தில் டெஸ்ட் பைலட் பயிற்சி. 1962-ல் ஃபேன்டம் போர் விமானத்தில் 3,000 மீட்டர் உயரத்தை 34.5 விநாடியில் எட்டி உலக சாதனை படைத்தார். அந்த ஆண்டே நாசா எடுத்துக்கொண்டது. ஜெமினியில் இரண்டு, அப்போலோவில் இரண்டு, விமானம்போல் திரும்பி வந்து இறங்கும் ஷட்டிலில் இரண்டு என்று ஆறு பயணங்கள். 1972-ல் நிலவில் நடந்தார்.

1981 ஏப்ரல் 12 அன்று கொலம்பியா ஷட்டில் முதல் முறையாகக் கிளம்பியது. ஆளில்லாமல் ஒரு தடவைகூட விண்வெளிக்கு அனுப்பிப் பார்க்காத வண்டி அது. உள்ளே யங்கும் சக வீரர் கிரிப்பனும். ஷட்டிலை மேலே தூக்கும் பூஸ்டர் ராக்கெட்டுகள் பற்றியபோது எழுந்த அழுத்த அலை, வாலடியில் இருக்கும் பாடி ஃப்ளாப் என்ற அசையும் தகட்டை அனுமதித்த எல்லைக்கு மேல் தள்ளிவிட்டது. வளிமண்டலத்துக்குள் திரும்பும்போது மூக்கு கணக்கை மீறி மேலே தூக்கியது. அதை அடக்க அதே ஃப்ளாப் கணித்ததைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு கீழே இறங்க வேண்டியிருந்தது. காற்றுச் சுரங்கச் (விண்ட் டனல்) சோதனையில் அகப்படாத பிழை இது. அந்த வேகத்தில் காற்றின் மூலக்கூறுகளே உடைந்து அதன் குணம் மாறிவிடுகிறது. இதையெல்லாம் எண்ணாகக் கொண்டுவந்ததால்தான் அடுத்த பயணத்துக்குள் பூஸ்டர்களின் அடியில் தண்ணீர் பாய்ச்சி அழுத்த அலையை அடக்க முடிந்தது.

கம்ப்யூட்டர்தானே ஓட்டுகிறது என்றீர்கள். 1983 டிசம்பர் 8-ஐப் பாருங்கள். அதே கொலம்பியா, கமாண்டர் யங், உள்ளே ஆறு பேர். இறங்கச் சில மணி நேரம் இருக்கும்போது ஷட்டிலைத் திருப்பும் சிறு ஜெட் ஒன்று இயங்கிய அதிர்ச்சியில் முதல் கம்ப்யூட்டர் நின்றது. சில நிமிடத்தில் மறுபடி ஒரு அதிர்ச்சி, இரண்டாவதும் நின்றது. கைப்பிடியிலிருக்கும் பொத்தானை அழுத்தினால் மாற்று மென்பொருள் வந்துவிடும். பதற்றத்தில் கை அங்கேதான் போகும். யங் அழுத்தவில்லை. இறங்குவதைத் தள்ளிப்போட்டு ஷட்டிலை அப்படியே மிதக்க விட்டார்கள். இரண்டாவது கம்ப்யூட்டரை மீட்டார்கள்; முதலாவது எழவே இல்லை. எட்டு மணி நேரம் போல் தாமதமாக இறங்கி, மூக்குச் சக்கரம் தரையில் அடித்ததும் இரண்டாவது மறுபடி நின்றது. பிரித்துப் பார்த்தபோது காரணம் சால்டரிங் ஈயத்தின் ஒரு துணுக்கு. பூமியில் அடியில் கிடக்கும் துணுக்கு, எடையற்ற இடத்தில் மிதந்து போய் சர்க்யூட்டை ஷார்ட் செய்துவிட்டது. அன்று அந்தப் பொத்தானை அழுத்தியிருந்தால் ஷட்டிலும் ஆட்களும் மிஞ்சியிருக்க மாட்டார்கள் என்று யங் பின்னர் சொன்னார்.

எனக்கு அவர்மேல் இருக்கும் மரியாதைக்குப் பெரிய காரணம் இதற்குப் பிறகு நடந்தது. 1986-ல் சாலஞ்சர் ஷட்டில் வெடித்ததும், ஷட்டிலின் ஆபத்துகளை வரிசைப்படுத்திக் காட்டமான குறிப்புகள் எழுதினார். அவை பத்திரிகைகளுக்கும் எட்டின. 1987-ல் விண்வெளி வீரர் பிரிவின் தலைமைப் பொறுப்பிலிருந்து மாற்றப்பட்டார். ஏழாவது பயணம் கிடைக்கவே இல்லை. இருந்தும் 2004 கடைசிவரை நாசாவில் இருந்து பாதுகாப்பு பற்றி எழுதிக்கொண்டே இருந்தார். பாட்டக்ஸன்ட் ரிவரில் கற்ற அதே வேலை!

இனி உங்கள் மகள். மனிதரை விண்வெளிக்கு அனுப்பும் இந்தியத் திட்டமான ககன்யானுக்கு முதலில் தேர்வான நால்வரும் இந்திய விமானப்படையின் டெஸ்ட் பைலட்டுகள். அவர்களில் அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர். ராணுவ அதிகாரிகளை உருவாக்கும் என்.டி.ஏ. என்ற தேசிய பாதுகாப்பு அகாடமியில் 2022 முதல் பெண்களும் சேர்கிறார்கள். விமானப்படைப் பிரிவுக்கு பிளஸ் டூவில் இயற்பியலும் வேதியியலும் கணிதமும் கட்டாயம். எழுத்துத் தேர்வுக்குத் தயாராகும் முன்பே கண், உயரம், எடை எல்லாவற்றையும் நல்ல மருத்துவரிடம் பார்த்துவிடுங்கள். எல்லாம் தேறி மருத்துவப் பரிசோதனையில் நின்றுபோகிறவர்கள் உண்டு. பைலட் பிரிவுக்கு சி.பி.எஸ்.எஸ். என்ற கம்ப்யூட்டர் தேர்வு ஒன்று இருக்கிறது. கண், கை, கவனம் மூன்றும் ஒன்றாக ஓடுகிறதா என்று பார்ப்பார்கள். திரும்பத் திரும்ப எழுத முடியாது. எப்படி இருக்குமென்று அறியாமல் போய் உட்கார வேண்டாம்.