தள்ளிப்போன தேதி – கடிதம்

அன்புள்ள சார்,

எனக்கு வயது 57. இதயத்தில் மூன்று ரத்தக்குழாய்களில் அடைப்பு. ஸ்டென்ட் சரிப்படாது, பைபாஸ்தான் என்று முடிவாகி இரண்டு மாதம் ஆகிறது. முதல் தேதி காய்ச்சலால் தள்ளிப்போனது. அது என் உடம்பு செய்த வேலை, யாரையும் குறை சொல்ல முடியாது. இரண்டாவது தேதி போன வாரம். முந்தின நாளே போய்ச் சேர்ந்துவிட்டேன். மார்பையும் இரண்டு காலையும் மழித்து, மருந்து சோப்பு போட்டுக் குளிக்கவைத்து, கையெழுத்து எல்லாம் வாங்கிவிட்டார்கள். இரவு முழுக்கப் பட்டினி. காலை பதினொரு மணிக்கு ஒரு சின்ன வயது டாக்டர் வந்து, அவசர கேஸ் ஒன்று வந்துவிட்டது, ஐசியுவில் படுக்கை இல்லை, இன்றைக்கு முடியாது என்றார். இரண்டு வாரத்தில் கூப்பிடுகிறோம் என்று அனுப்பிவிட்டார்கள்.

மறைக்காமல் சொல்கிறேன், கேட்டதும் முதலில் வந்தது நிம்மதி. வீட்டுக்கு வந்து இரண்டு மணி நேரத்தில் அது போய், கோபம் வந்தது. அப்புறம் பயம். இப்போது நெஞ்சில் எது சுருக்கென்றாலும் அட்டாக் என்று நினைக்கிறேன். ராத்திரி தூக்கம் இல்லை. பார்க்கிறவர்கள் எல்லாம் 'எல்லாம் நல்லதுக்குத்தான்' என்கிறார்கள், கேட்டாலே எரிச்சலாக இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பையை மனைவி இன்னும் பிரிக்கவில்லை. கதவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, போகும்போதும் வரும்போதும் காலில் இடிக்கிறது.

உங்களுக்கும் வால்வு ஆபரேஷன் ஒருமுறை தள்ளிப்போனதாக எப்போதோ எழுதியிருந்தீர்கள். அந்த நாட்களை எப்படிக் கழித்தீர்கள்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அந்த நிம்மதியை ஏதோ தப்பு செய்துவிட்டதுபோல எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் அதேதான் வந்தது. எனக்கு இதயத்தில் இருந்து உடம்புக்கு ரத்தம் போகிற பெரிய குழாயான பெருநாடியின் வால்வு சுருங்கிப்போய், மாற்றியாக வேண்டும் என்ற நிலை. தேதிக்கு மூன்று நாள் இருக்கும்போது சம்பிரதாயத்துக்குத்தான் பல் டாக்டரிடம் அனுப்புகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு போனேன். படம் எடுத்துப் பார்த்தால் கீழே ஒரு கடைவாய்ப்பல்லின் வேரில் சீழ். எனக்கு வலியே இல்லை. பல்லுக்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். வாயில் இருக்கிற கிருமி ரத்தத்தில் கலந்து புது வால்வில் போய் ஒட்டிக்கொண்டால் அதைக் கிளப்புவது பெரிய பாடு, சில சமயம் நெஞ்சை மறுபடி திறக்க வேண்டியதாகிவிடும் என்றார். பல்லைப் பிடுங்கி, புண் ஆறி, மறுபடி தேதி கிடைக்க ஐந்து வாரம். வெளியே வந்து மனைவியிடம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். உள்ளே, பரீட்சை தள்ளிவைத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்ட பையன் மாதிரி துள்ளிக்கொண்டிருந்தது. அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். தெரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன்.

அதனால் அதை விடுங்கள். நெஞ்செலும்பை அறுக்கப் போகிறார்கள் என்று பல நாளாக உடம்பைத் தயார்செய்து வைத்திருந்தோம், இன்றைக்கு இல்லை என்றதும் உடம்பு கொஞ்சம் கொண்டாடிவிட்டது, அவ்வளவுதான். கஷ்டம் அதற்கு அப்புறம்தான். தைரியத்தை ஒரு குறிப்பிட்ட காலை நேரத்துக்காகச் சேர்த்து வைத்திருந்தீர்கள், அந்தக் காலை வந்து சும்மா போய்விட்டது. மறுபடி முதலில் இருந்து சேர்க்க வேண்டும். கோபம் வராமல் என்ன செய்யும்?

ஆனால் கோபத்தை யாரிடம் காட்டுவது என்பதில் நான் ஒரு தப்பு செய்தேன். என்னுடைய இரண்டாவது தேதியும் தள்ளியது, இதேபோல ஐசியு படுக்கைக்காகத்தான். வார்டில் இருந்த நர்ஸ் பெண்ணிடம் கத்திவிட்டேன். அந்தப் பெண் அதைத் தீர்மானிக்கிற இடத்திலேயே இல்லை. பிறகுதான் எனக்கு விளங்கியது, இதய ஆபரேஷனில் பெரும்பாலும் தட்டுப்பாடு சர்ஜன் அல்ல, தியேட்டரும் அல்ல, முடிந்தபிறகு போய்ப் படுக்கிற அந்த ஒரு படுக்கைதான். வெளியே வரும்போது நமக்கு நினைவு இருக்காது, வென்டிலேட்டர் நமக்காக மூச்சு விட்டுக்கொண்டிருக்கும், நெஞ்சில் இருந்து குழாய்கள், பக்கத்தில் நம்மை மட்டுமே பார்த்துக்கொண்டு ஒரு நர்ஸ். அங்கே நேற்று ஆபரேஷன் ஆனவர் ஒருவர் எதிர்பார்த்தபடி தேறாமல் படுத்திருந்தால், இன்றைய பட்டியலில் ஒரு பெயர் போய்விடும். எல்லாத் தயாரிப்பும் முடிந்திருந்தாலும் போய்விடும்.

அந்த அவசர கேஸ் யார் என்று உங்களுக்குத் தெரியப்போவதில்லை. பெருநாடியின் உள்சுவர் கிழிந்து வந்தவராக இருக்கலாம், அதில் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஆபத்து ஏறிக்கொண்டே போகும், நாளைக்கு வாருங்கள் என்று சொல்ல முடியாது. உங்களையும் அவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, இவரால் காத்திருக்க முடியும் என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். இதைச் சொன்னால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. அந்த முடிவு அன்றைக்கு நீங்கள் இருந்த நிலையை வைத்து எடுத்தது. உங்கள் நிலை மாறினால் அந்த முடிவும் மாறியாக வேண்டும். மாறியது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? நீங்கள் சொன்னால்தான் தெரியும். வரிசையில் நிற்கிறவர்கள் நிறையப் பேர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். தொந்தரவு செய்யக் கூடாது, எப்படியும் கூப்பிடப் போகிறார்கள் என்று வாயை மூடிக்கொண்டு இருந்துவிடுகிறார்கள்.

எது மாற்றம்? முன்பு மாடிப்படி ஏறினால் வந்த வலி இப்போது சமதரையில் நடக்கும்போதே வருகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது வருகிறது. தூக்கத்தில் எழுப்புகிறது. படுத்தால் மூச்சு முட்டி, தலையணையை ஒன்றுக்கு இரண்டாக அடுக்க வேண்டியிருக்கிறது. கால் வீங்குகிறது, தலை சுற்றி மயக்கம் வருகிறது. இதில் எது வந்தாலும் அன்றைக்கே போன் செய்ய வேண்டும். நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை உங்களுக்கு எழுதிக் கொடுத்திருந்தால், உட்கார்ந்துகொண்டு வையுங்கள், நின்றபடி வைத்தால் ரத்த அழுத்தம் இறங்கி விழுந்துவிடலாம். 5 நிமிடத்தில் வலி அடங்கவில்லை என்றால் ஆம்புலன்ஸ்தான், உங்கள் வண்டியை நீங்களே எடுத்துக்கொண்டு கிளம்பாதீர்கள். வாயுவாக இருக்கும் என்று நீங்களே தீர்ப்பு எழுதிவிடவும் வேண்டாம். வாயுவாகவே இருந்துவிட்டுப் போகட்டும், திரும்பி வருவதில் ஒரு வெட்கமும் இல்லை.

மற்ற சுருக் சுருக்குகள் வேறு கதை. விரலால் தொட்டு 'இதோ இங்கே' என்று காட்டமுடிகிற, ஒரு நொடி வந்து போகிற குத்தல் பெரும்பாலும் தசையின் வேலையாகத்தான் இருக்கும். போதாக்குறைக்கு மழித்த இடத்தில் முடி முளைக்க ஆரம்பித்திருக்கும். எனக்கு நான்காவது நாள் தொடங்கியது, சட்டை உராயும் போதெல்லாம் நெஞ்சு முழுக்க முள் குத்துகிறது. ராத்திரி பாதித் தூக்கத்தில் அந்த அரிப்பை நெஞ்சுவலி என்று நினைத்துக்கொண்டு மனைவியை எழுப்பிவிட்டேன். விளக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு, சொறிந்துகொண்டு தூங்குங்கள் என்றாள். தைரியமாக மழித்துக்கொண்டு போனது ஒரு தடவை, அது வளர்ந்து மறுபடி மழிக்கப் போனது இன்னொரு தடவை, அந்த இரண்டாவதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

நீங்கள் கேட்காத ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். ஆபரேஷனுக்காக எந்தெந்த மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள்? ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கிற குளோபிடோக்ரெல் போன்றவற்றைப் பொதுவாக 5 நாள் முன்பே நிறுத்துவார்கள், சில சர்க்கரை மாத்திரைகளையும் சில நாள் முன்பு நிறுத்துவது உண்டு. இப்போது தேதி இரண்டு வாரம் தள்ளிவிட்டது. நிறுத்தியது நின்றபடியே இருக்கிறதா? திரும்ப ஆரம்பிக்க வேண்டுமா, எந்த நாளில் மறுபடி நிறுத்த வேண்டும்? தேதியை ரத்து செய்கிற அவசரத்தில் இதைச் சொல்ல விட்டுப்போவது சாதாரணம். சொல்லவில்லை என்றால் இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் முதல் வேலையாகப் போன் செய்து கேளுங்கள், நீங்களாக ஆரம்பிக்கவும் வேண்டாம், நீங்களாக விடவும் வேண்டாம். அந்தப் போனிலேயே இன்னும் இரண்டு கேள்வி: நடுவில் உடம்பு மாறினால் பகலில் யாரிடம் பேசுவது, ராத்திரி யாரிடம் பேசுவது. ஒரு பெயரும் எண்ணும் கையில் இருந்தால் பாதிப் பயம் போய்விடும், எனக்குப் போனது. தேதி எப்போது என்றும் கேளுங்கள். ஆனால் அதற்கு வருகிற பதிலை நம்பி மறுபடி உறவுக்காரர்களுக்கு எல்லாம் சொல்லிவைக்காதீர்கள்.

உறவுக்காரர்கள் என்றதும் ஞாபகம் வருகிறது. 'எல்லாம் நல்லதுக்குத்தான்' என்பவர்கள் உங்களுக்காக அதைச் சொல்வதில்லை, அவர்களுக்கு வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை. நான் என் தம்பியிடம் போனைக் கொடுத்துவிட்டேன். விசாரிக்கிறவர்கள் அவனிடம் விசாரிக்கட்டும். அவன் எல்லோருக்கும் ஒரே வாக்கியம் சொன்னான், 'தேதி வந்ததும் சொல்கிறோம்', அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. அவனுக்கு இயல்பிலேயே பேச்சு குறைவு, அன்றைக்குத்தான் அதன் அருமை தெரிந்தது.

ராத்திரியைப் பற்றி என்னிடம் மருந்து இல்லை. நானும் தூங்கவில்லை. (ஒரேயடியாகத் தூக்கமே இல்லை, பகலிலும் எதிலும் ஒட்டவில்லை என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், அதற்கும் வைத்தியம் உண்டு, நான் சொல்லாமல் விட்டது முட்டாள்தனம்.) தூக்கம் வராதபோது இதயத்தை நிறுத்திவிட்டு எப்படி ஆபரேஷன் செய்கிறார்கள் என்று தேடித் தேடிப் படித்தேன். படிக்காதே, பயம் கூடும் என்றார்கள். எனக்குக் குறைந்தது. ஜான் கிப்பன் என்ற டாக்டர், 1930-31 வாக்கில் பாஸ்டனில், நுரையீரல் குழாயில் ரத்தக்கட்டி அடைத்துக்கொண்ட ஒரு பெண்ணின் பக்கத்தில் இரவெல்லாம் உட்கார்ந்து நாடியையும் ரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கொண்டிருக்கிறார். காலையில் ஆபரேஷன், பிழைக்கவில்லை. அந்த ரத்தத்தை வெளியே எடுத்து ஆக்சிஜன் ஏற்றித் திரும்ப உள்ளே விட ஒரு இயந்திரம் இருந்தால் என்ன என்று அந்த ராத்திரிதான் அவருக்குத் தோன்றியிருக்கிறது. மனைவியும் கூடவே ஆய்வுக்கூடத்தில் நின்றார். 1953 மே 6ஆம் தேதி, 18 வயதுப் பெண் ஒருத்தியின் இதயத்தில் இருந்த ஓட்டையை அந்த இயந்திரத்தின் துணையோடு அடைத்தார். 26 நிமிடம் அவளுடைய இதயத்தின் வேலையையும் நுரையீரலின் வேலையையும் அது செய்தது. இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. அதற்கு அடுத்து அவர் செய்தவர்கள் பிழைக்கவில்லை, மனம் விட்டுப்போய் அவரே நிறுத்திக்கொண்டார், மற்றவர்கள் மேலே கொண்டுபோனார்கள். என்னை எந்த இயந்திரத்தில் மாட்டப் போகிறார்களோ அதற்கு இப்படி ஒரு பூர்வ கதை இருக்கிறது என்பது எனக்கு ஏனோ பிடித்திருந்தது. 26 நிமிடத்தைவிட, ஒன்றும் செய்ய வழியில்லாமல் நாடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த ராத்திரிதான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது.

பகலுக்கு ஒரு வேலை உண்டு. மூன்று பந்து இருக்கிற அந்த பிளாஸ்டிக் மூச்சுக் கருவியை உங்களுக்கும் கொடுத்திருப்பார்கள். எல்லோரும் அதை ஊதுகிறார்கள், நானும் ஒரு வாரம் ஊதினேன், பந்து அசையவே இல்லை, என் நுரையீரல் அவ்வளவுதான் என்று முடிவுகட்டிவிட்டேன். ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும். மெதுவாக, நிதானமாக, பந்து மேலேயே நிற்கும்படி. ஆபரேஷன் முடிந்து, இருமினாலே நெஞ்சு பிளந்துவிடும்போல இருக்கிற நாட்களில் நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கிச் சளி கட்டாமல் பார்த்துக்கொள்கிற வேலை அதனுடையது. அன்றைக்குப் புதிதாகக் கற்றுக்கொள்வது கஷ்டம், இப்போதே கை பழகிவிட்டால் நல்லது. முதல் தேதி காய்ச்சலால் போனது என்கிறீர்கள், அதனால் இருமிக்கொண்டு வருகிற விருந்தாளியை வாசலோடு அனுப்பிவிடுங்கள், நான் சொன்னதாகச் சொல்லுங்கள். எவ்வளவு தூரம் நடக்கலாம் என்பதை மட்டும் உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு நடங்கள், என்னைக் கேட்காதீர்கள், என்னுடையது வால்வு, உங்களுடையது அடைப்பு, இரண்டுக்கும் கணக்கு வேறு.

எனக்கு வைத்தது உலோக வால்வு. ராத்திரி வீடு அடங்கினதும் அது மூடுகிற சத்தம் கைக்கடிகாரம் மாதிரி மெல்லக் கேட்கும். முதல் மாதம் அதைக் கேட்டே தூக்கம் போனது. இப்போது கேட்கவில்லை என்றால்தான் விழிப்பு வரும்.

பையை உங்கள் மனைவி பிரிக்காமல் வைத்திருப்பதை ஒன்றும் சொல்லாதீர்கள். இங்கேயும் ஐந்து வாரம் அப்படியேதான் இருந்தது. நடுவில் ஒருநாள் நான் எடுத்து அலமாரியில் வைத்தேன், சாயங்காலம் பார்த்தால் மறுபடி கதவுக்குப் பக்கத்தில் இருந்தது, இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. ரிப்போர்ட்டுகளும் மாத்திரைச் சீட்டும் அதிலேயே இருந்ததால் ஒருநாள் ராத்திரி அவசரமாகக் கிளம்ப வேண்டி வந்தபோது அது பயன்பட்டது. போன் சார்ஜரை மட்டும் வெளியே எடுத்துவிடுங்கள், நாங்கள் அதைத்தான் மூன்று நாள் தேடினோம்.