இசைப் பள்ளிக்கே போகாமல் ஐரோப்பாவில் ஒருவர் பெரிய ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் ஆக முடியுமா?

ஆகியிருக்கிறார்கள். எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் நார்வேயின் யான் கார்பரெக். 1961-இல், 14 வயதில், ரேடியோவில் அமெரிக்க ஜாஸ் சாக்ஸபோன் மேதை ஜான் கோல்ட்ரேன் வாசித்ததைக் கேட்டதும் அவருக்கு சாக்ஸபோன் பித்து பிடித்தது. கருவி கைக்கு வருவதற்குள்ளேயே ஒரு பயிற்சிப் புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு எங்கே எந்த விரல் என்று பழகிவிட்டார். அடுத்த வருடமே அமெச்சூர் ஜாஸ் போட்டியில் ஜெயித்தார்.

இதோடு கதையை நிறுத்திவிட்டு "பார்த்தீர்களா, தானாகவே கற்றவர்" என்பார்கள். எனக்கு அதில் பாதிதான் சம்மதம். ஏனென்றால் 1960-களில் ஜார்ஜ் ரஸ்ஸல் என்ற அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்காண்டிநேவியாவில் வந்து தங்கியிருந்தார். நார்வேயின் மோல்டே நகர ஜாஸ் விழாவில் இந்தப் பையனைக் கேட்டவர், பிறகு தன் குழுவிலேயே சேர்த்துக்கொண்டார். மேற்கத்திய இசையில் வழக்கமான மேஜர் ஸ்கேலை (நம் சங்கராபரணத்தின் ஸ்வரங்கள்) விட்டுவிட்டு லிடியன் ஸ்கேலை (அதாவது நம் கல்யாணியின் ஸ்வரங்கள்) அடிப்படையாக வைத்து ஜாஸுக்கு ஒரு முழுக் கோட்பாடே எழுதிய ஆள் அவர்; அந்தக் கோட்பாட்டை அவரிடமே படிக்கவும், மேடையில் அவரோடு வாசித்துப் பார்க்கவும் கார்பரெக்குக்கு வாய்த்தது. எந்தப் பள்ளியில் இது கிடைக்கும்? அப்புறம் அமெரிக்க ஜாஸ் டிரம்பெட் கலைஞர் டான் செர்ரி, உங்கள் ஊர் நாட்டுப்புறப் பாட்டை ஏன் வாசிக்க மாட்டேன் என்கிறீர்கள் என்று கார்பரெக் போன்ற நார்வே இளைஞர்களைத் தூண்டிவிட்டார்.

தொழில் என்று பார்த்தால், 1969-இல் மியூனிக்கில் மான்ஃப்ரெட் ஐஹர் தொடங்கிய ஈசிஎம் என்ற இசைத்தட்டு நிறுவனம்தான் திருப்பம். அடுத்த வருடமே 'ஆஃப்ரிக் பெப்பர்பேர்ட்' ஆல்பத்தைக் கார்பரெக் அவர்களுக்காகப் பதிவு செய்தார், பிறகு பல பத்தாண்டுகள் அங்கேயேதான். அமெரிக்க பியானோ கலைஞர் கீத் ஜாரெட்டின் ஐரோப்பியக் குழுவில் வாசித்தது, சென்னையில் பிறந்த வயலின் கலைஞர் எல். சங்கரோடு 1980-களில் பதிவு செய்தது எல்லாம் அந்த நிறுவனம் வழியாக வந்தவைதான்.

நீங்கள் கேட்டுப் பார்ப்பதாக இருந்தால் அந்த 1970 ஆல்பத்தையும் 1994-இல் வந்த 'அஃபீசியம்' ஆல்பத்தையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். முதலாவதில் கோல்ட்ரேன் பாதிப்பு அப்பட்டமாகத் தெரியும், சில இடங்களில் கருவி அலறும். இரண்டாவது ஆஸ்திரிய மடாலயம் ஒன்றில், ஹில்லியர்டு என்ற இங்கிலாந்துப் பாடல் குழுவின் நான்கு பாடகர்களோடு பதிவானது. பழைய தேவாலயப் பாடல்களுக்கு மேலே ஒரே சாக்ஸபோன், அதுவும் கொஞ்சமாகத்தான் வாசிக்கிறார். அதுதான் பத்து லட்சத்துக்கு மேல் விற்றது.