பழைய புரோகிராம், புது விண்டோஸ்: நீங்கள் கேட்டவை

கேள்வி: 1994-ல் வாங்கிய புரோகிராம் விண்டோஸ் 11-ல் திறக்கவே மாட்டேன் என்கிறது. கம்பாட்டிபிலிட்டி மோடிலும் பார்த்துவிட்டேன்.

பதில்: அது 16 பிட் என்ற பழைய வகைப் புரோகிராமாக இருக்கும். விண்டோஸ் 11 64 பிட்டில் மட்டும்தான் வருகிறது, அதில் 16 பிட்டை ஓட்டும் பகுதியே கிடையாது. கம்பாட்டிபிலிட்டி மோட் பெரும்பாலும் புரோகிராமிடம் "இது பழைய விண்டோஸ்தான்" என்று சொல்லி நம்பவைக்கும், அவ்வளவுதான். இல்லாத பகுதியைக் கொண்டுவராது. விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்துப் புரோகிராம் என்றால் டாஸ்பாக்ஸ் போடுங்கள், அது டாஸைப் போலவே நடித்து அதை ஓட்டும். விண்டோஸ் 3.1 காலத்தது என்றால் விர்ச்சுவல்பாக்ஸ் (கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டர் போல ஓடும் புரோகிராம்) போட்டு, அதற்குள் 32 பிட் விண்டோஸ் எக்ஸ்பி நிறுவுங்கள். எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலோடு அப்டேட் நின்றுவிட்டது, அதனால் அதற்கு இன்டர்நெட் இணைப்பே கொடுக்காதீர்கள்.

கேள்வி: எக்ஸ்பி காலத்துப் புரோகிராம் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. நேற்று ரைட் கிளிக் செய்து அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டினேன், இரண்டு வருட என்ட்ரி எல்லாம் காணோம்!

பதில்: பதறாதீர்கள், அழிந்திருக்க வாய்ப்பு குறைவு. அந்தக் காலத்துப் புரோகிராம்கள் டேட்டாவைத் தாங்கள் இருக்கும் புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரிலேயே எழுதும். விஸ்டாவிலிருந்து விண்டோஸ் அதற்கு அனுமதிப்பதில்லை, ஆனால் பிழை காட்டி நிறுத்தாமல், எழுத வந்ததைச் சத்தமில்லாமல் விர்ச்சுவல்ஸ்டோர் என்ற வேறு ஃபோல்டருக்குத் திருப்பிவிடும், படிக்கும்போதும் அங்கிருந்தே எடுத்துக் கொடுக்கும். அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டினால் இந்தத் திருப்பிவிடல் இல்லை, அதனால் நிறுவிய நாளில் இருந்த காலி ஃபைல்தான் கண்ணில் படும். யூசர்ஸ் ஃபோல்டரில் உங்கள் பெயர், அதற்குள் ஆப்டேட்டா, லோக்கல், விர்ச்சுவல்ஸ்டோர் என்று போய்ப் பாருங்கள். ஆப்டேட்டா மறைந்திருக்கும், வியூ மெனுவில் ஹிடன் ஐட்டம்ஸைத் தேர்ந்தெடுத்தால் தெரியும். கிடைத்ததும் முதல் வேலையாக ஒரு காப்பி எடுங்கள். அப்புறம் புரோகிராமை சி டிரைவில் தனி ஃபோல்டர் போட்டு அங்கே நிறுவி, டேட்டாவை அதற்குள் கொண்டுபோய் வையுங்கள். புரோகிராம் ஃபைல்ஸை மட்டும் பேக்கப் எடுப்பவர்களும் இதைக் கவனியுங்கள், உங்கள் டேட்டா அதில் இல்லாமல் போகலாம்.

கேள்வி: பழைய புரோகிராம் ஒன்று டாட்நெட் 2.0 வேண்டும் என்று கேட்கிறது.

பதில்: டாட்நெட் என்பது சில புரோகிராம்கள் ஓடத் தேவைப்படும் மைக்ரோசாஃப்ட் பகுதி. விண்டோஸ் ஃபீச்சர்ஸில் டாட்நெட் 3.5-ஐ டிக் செய்யுங்கள், 2.0 அதற்குள்ளேயே இருக்கிறது. கண்ட தளத்திலிருந்து டிஎல்எல் (புரோகிராமுக்குத் துணையான ஃபைல்) இறக்கிப் போடாதீர்கள், தயவுசெய்து.

கேள்வி: பழைய ஸ்கேனரின் சாஃப்ட்வேர் திறக்கிறது, ஸ்கேனர்தான் தெரியவில்லை.

பதில்: டிரைவர் பிரச்சினை, அதாவது ஸ்கேனரை விண்டோஸோடு பேசவைக்கும் சாஃப்ட்வேர். 64 பிட் விண்டோஸுக்கு 64 பிட் டிரைவர்தான் வேண்டும், கம்பாட்டிபிலிட்டி மோட் இதில் உதவாது. தயாரிப்பாளர் தரவில்லை என்றால் வ்யூஸ்கேன் என்ற ஸ்கேனிங் சாஃப்ட்வேரை முயன்று பாருங்கள், பல பழைய ஸ்கேனர்களுக்கு அதிலேயே சொந்த டிரைவர் இருக்கிறது.