600 கிலோ வண்டிக்கு எவ்வளவு பெரிய பிரேக் வேண்டும்?

லோட்டஸ் செவன் மாதிரி ஒரு கிட் காரை, அதாவது பாகங்களாக வாங்கிப் பொருத்தும் லேசான வண்டியை, நானே பூட்டி ஓட்டுகிறேன். ஆஃப்கட்டில் (பாதியாக வெட்டி இறக்குமதியாகும் பழைய காரில்) எடுத்த 200 குதிரைசக்தி எஞ்சின். நான் ஏறி உட்கார்ந்தால் மொத்தம் 650 கிலோ. பிரேக் பற்றிக் கேட்க விரும்புகிறவர்கள் கேட்கலாம் என்று சொன்னதுதான் தாமதம், கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாக்கிவிட்டேன். கேள்விக்கு முன்னால் இருப்பது கேட்டவரின் ஊர், எல்லாம் மலேசியாதான். புதியவர்களுக்கு: சக்கரத்தோடு சுற்றும் தட்டு டிஸ்க், அதைப் பிடிக்கும் கட்டை பேட், பேட்டைப் பிஸ்டனால் அழுத்துவது கேலிப்பர்.

செந்தூல்: அண்ணே, என் வண்டியும் உங்களுடையது மாதிரிதான். பிரேக் எல்லாம் பழைய காரில் இருந்து கழற்றிப் போட்டது. முன்னால் நாலு பிஸ்டன் கேலிப்பரும் 300 மில்லிமீட்டர் டிஸ்க்கும் போடலாம் என்று பார்க்கிறேன். எது வாங்குவது?

இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள் தம்பி. காலி இடத்தில் ஓங்கி மிதித்தால் சக்கரம் லாக் ஆகிறதா, அதாவது சுற்றாமல் வழுக்குகிறதா? ஆகிறது என்றால் பிரேக்குக்குப் பலம் போதும். அதற்கு மேல் வண்டியை நிறுத்துவது டயர்தான். பெரிய டிஸ்க் போட்டாலும் ஒரு மிதிக்கு அதே தூரத்தில்தான் நிற்கும்.

பெரிய டிஸ்க் தாங்குவது சூட்டை. 650 கிலோ வண்டியை 200 கிலோமீட்டர் வேகத்தில் இருந்து நிறுத்தினால் வரும் சூடும், 1300 கிலோ குடும்பக் காரை 140 வேகத்தில் இருந்து நிறுத்தினால் வரும் சூடும் ஏறக்குறைய ஒன்றுதான். உங்கள் டிஸ்க் அந்தக் குடும்பக் காருக்கென்று செய்தது. தவிர, 13 இஞ்ச் ரிம்முக்குள் 300 மில்லிமீட்டர் டிஸ்க்கும் கேலிப்பரும் நுழையாது. ரிம்மை மாற்றுவீர்கள், டயரை மாற்றுவீர்கள், ஒவ்வொரு மூலையிலும் எடை ஏறும். எடையைக் குறைக்கத்தானே இந்த வண்டியைக் கட்டினோம்?

பிறை: எனக்கு முன் சக்கரம் பட்டென்று லாக் ஆகிறது. பின் பிரேக் இருப்பதே தெரியவில்லை. முன்னால் பேட் மாற்றினால் சரியாகுமா?

நல்ல கேள்வி. எனக்கு இது புரிய ஒரு வருடம் ஆயிற்று.

முன்னால் எஞ்சின் உள்ள சாதாரணக் காரில் நிற்கும்போதே எடையில் 60 விழுக்காட்டுக்கு மேல் முன்பக்கம். ஓங்கி மிதித்தால் வண்டி முன்னால் சாய்ந்து அது 80-ஐத் தாண்டிவிடும். அதற்கேற்றபடி முன் பிரேக்கைப் பெரிதாகவும் பின் பிரேக்கைச் சின்னதாகவும் செய்கிறார்கள். நம் வண்டியில் எடை பாதிக்குப் பாதி, உட்காரும் இடமோ தரையை ஒட்டி. எவ்வளவு ஓங்கி மிதித்தாலும் முன்னால் போவது 65, 70 விழுக்காடுதான். பின் டயரில் பிடிமானம் நிறைய மிச்சம் இருக்கிறது, பயன்படுத்த ஆள் இல்லை. இந்த நிலைமையில் முன்னால் இன்னும் பெரிய கேலிப்பர் போட்டால் கோணல் இன்னும் கூடும். பலரும் காசு கொடுத்துச் செய்துகொள்வது இதைத்தான்.

முதலில் பழைய காரோடு வந்த பின் பிரேக் வால்வைப் பாருங்கள். பின்பக்க அழுத்தத்தைக் குறைக்க வைத்தது அது. அதை எடுத்துவிட்டுக் கையால் திருப்பும் வால்வு போடலாம். போதவில்லை என்றால் பின்னால் கொஞ்சம் கடிக்கும் பேட். கடைசியாகத்தான் இரண்டு மாஸ்டர் பம்பும் (பெடலை மிதித்தால் ஆயிலை அழுத்துவது) நடுவில் மிதியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் பேலன்ஸ் பாரும்.

ஆனால் எப்போதும் முன் சக்கரம்தான் முதலில் லாக் ஆக வேண்டும். முன்னால் லாக் ஆனால் வண்டி நேராக வழுக்கும். பின்னால் லாக் ஆனால் சுற்றிவிடும். நான் ஒருநாள் மழை விட்டதும் ஒரு காலி கார் பார்க்கில் வால்வை இரண்டு சுற்று கூடத் திருப்பிவிட்டு 50 வேகத்தில் மிதித்தேன். நின்று பார்த்தால் வந்த வழியைப் பார்த்தபடி இருக்கிறேன். ஓரமாக நின்று சக்கரத்தை வீடியோ எடுத்த நண்பன் போனைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தான். ஒவ்வொரு முறையும் கால் சுற்றுதான் திருப்புங்கள், ஈரத் தரையிலும் காய்ந்த தரையிலும் பாருங்கள்.

கிள்ளான்: பெடல் கல் மாதிரி இருக்கிறது. சர்வோ (மிதிக்கு உதவும் பூஸ்டர்) போடணுமா?

வேண்டாம். மாஸ்டர் பம்ப் அளவைப் பாருங்கள். 22.2 மில்லிமீட்டர் இருந்தால் 19 போடுங்கள். காலுக்குத் தேவையான பலம் கால்வாசிக்கு மேல் குறையும். பதிலுக்குப் பெடல் மூன்றில் ஒரு பங்கு கூட இறங்கும், அதற்கு இடம் இருக்கிறதா என்று முதலில் அளந்துகொள்ளுங்கள். சர்வோ இல்லாத வண்டிக்குப் பெடல் நெம்புகோல் விகிதம் ஐந்துக்கு ஒன்றாவது இருக்க வேண்டும்.

பாயான் லெப்பாஸ்: அண்ணா, ரேஸ் பேட் போட்டேன். காலையில் வேலைக்குப் போகும்போது பிரேக்கே பிடிக்கவில்லை. ஏமாந்துவிட்டேனா?

இல்லை தங்கச்சி, பேட் நல்லதுதான். அது சூடானால்தான் கடிக்கும், உங்கள் லேசான வண்டியோ ரோட்டில் அதைச் சூடாக்காது. ரோட்டுக்கான பேட்டை மாட்டுங்கள். ரேஸ் பேட்டை ரேஸ் பாதையில் ஓட்டும் நாளுக்கு வையுங்கள்.

ரவாங்: கெந்திங் மலையில் இருந்து இறங்கும்போது பெடல் தரை வரை போய்விட்டது. கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தால் சரியாகிவிட்டது. லேசான வண்டிக்கு ஏன் இப்படி?

பிரேக் ஆயில் கொதித்திருக்கிறது. ஆவி அமுங்கும், ஆயில் அமுங்காது. ஆறினதும் ஆவி மறைந்துவிடும், அதனால்தான் சரியான மாதிரி தெரிகிறது.

650 கிலோ வண்டி 100 மீட்டர் உயரம் இறங்கினால் கிடைக்கும் சக்தி, அதை 160 வேகத்தில் இருந்து ஒருமுறை நிறுத்துவதற்குச் சமம். எஞ்சின் பிடிக்காவிட்டால் பெரும்பகுதி பிரேக்குக்குத்தான் போகும். அதனால் இரண்டாம் கியரில் இறங்குங்கள்.

இன்னொன்று, ஆயிலின் வயது. டாட் 4 ரக பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது கொதிக்காமல் குறைந்தது 230 டிகிரி தாங்க வேண்டும். ஈரம் ஏறியதற்கு வைத்திருக்கும் அளவு 155தான். நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமா? கேலிப்பரில் ஆயிலை வெளியே விடும் ப்ளீடர் நிப்பிளில் உள்ளே இருப்பது தெரியும் டியூப் மாட்டி மினரல் பாட்டிலில் விட்டுப் பாருங்கள். தே ஓ (பால் இல்லாத தேநீர்) நிறத்தில் வந்தால் மாற்றுங்கள். குமிழி நிற்கும் வரை, ஒவ்வொரு சக்கரமாக. நான் வருடத்துக்கு ஒருமுறை மாற்றுகிறேன். டாட் 5.1 போடலாம், ஈரம் ஏறினாலும் 180 வரை தாங்கும். வெறும் டாட் 5 வேறு ஜாதி, சிலிகோன். அதைக் கலக்கவே கூடாது.

சுங்கை பூலோ: ஓட்டை போட்ட டிஸ்க்?

அழகு. ஓட்டையில் இருந்துதான் விரிசல் ஆரம்பிக்கும்.

காஜாங்: பின்னாலும் நாலு பிஸ்டன் போட்டேன். ஹேண்ட்பிரேக் எங்கே மாட்டுவது?

அந்தக் கேலிப்பரில் அதற்கு வழி இல்லை. தனியாகச் சின்னக் கேலிப்பர் ஒன்று வேண்டும். வாங்குவதற்கு முன் கேட்டிருக்கலாம். வண்டிப் பரிசோதனை செய்யும் புஸ்பாகோமில் ஹேண்ட்பிரேக்கையும்தான் பார்ப்பார்கள்.

ஷா ஆலம்: செப்பாங் ரேஸ் பாதையில் வளைவு முடிந்து மிதித்தால் முதல் மிதி காலி, இரண்டாவது மிதி கெட்டி. ஆயில் புதுசு.

வளைவில் சக்கரம் மாட்டியிருக்கும் ஹப் அசைகிறது. டிஸ்க் சாய்ந்து பேட்டைப் பின்னால் தள்ளிவிடுகிறது. சக்கர பேரிங்கையும் டிஸ்க் ஆட்டத்தையும் பாருங்கள். அதுவரை பிரேக் போடும் இடத்துக்கு முன்பே இடது காலால் லேசாக ஒரு தட்டு தட்டிவிடுங்கள், பேட் இடத்துக்கு வந்துவிடும். அங்கே நீண்ட நேர்ப்பாதை இரண்டின் முடிவிலும் இறுக்கமான வளைவு, அந்த முதல் மிதியை நம்பித்தான் ஆக வேண்டும்.

மறுபடி செந்தூல்: அண்ணே, நீங்கள் பெரிய கேலிப்பர் வாங்கவே இல்லையா?

வாங்கினேன். கடைக்காரர் பேச்சில் மயங்கி ஒரு ஜோடி. ஸ்டோர் அறையில் பெயின்ட் டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. வாங்கிய பாதி விலைக்குத் தருகிறேன், கனமான வண்டி வைத்திருப்பவர்கள் மட்டும் கேளுங்கள்.