ஸ்டார் குறிக்குக் கீழே படிங்க! – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மகள் கல்லூரியில் சேரப்போகிறாள். '16 ஜிபி ரேம், இனி லேப்டாப்பே தேவையில்லை' என்று ஒரு புது டேப்லெட் விளம்பரம் பார்த்தேன். விலை பதினைந்தாயிரத்துக்குள்தான். நம்பி வாங்கலாமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: அந்த 16-ஐ அட்டைப்பெட்டியின் பின்பக்கம் தேடிப் பாருங்கள், அநேகமாக '8+8' என்று பொடி எழுத்தில் இருக்கும். முதல் எட்டு நிஜம், இரண்டாவது எட்டு கடன். ஸ்டோரேஜில் ஒரு பகுதியை ஒதுக்கி ரேம் மாதிரி பயன்படுத்திக்கொள்வதைத்தான் 'விர்ச்சுவல் ரேம்' என்று சொல்லி நிஜ ரேமோடு கூட்டிக் காட்டுகிறார்கள். ஸ்டோரேஜ் சிப், ரேமைவிடப் பல மடங்கு மெதுவானது. பின்னணியில் இன்னும் இரண்டு மூன்று ஆப் மூடாமல் கிடக்க உதவும், அவ்வளவுதான், வேகமெல்லாம் அதிகமாகாது. பல மாடல்களில் செட்டிங்ஸுக்குள் போய் அதை அணைத்தே வைக்கலாம். கடைக்காரரிடம் "நிஜ ரேம் எவ்வளவு?" என்று மட்டும் கேளுங்கள், மனிதர் லேசாக நெளிவார்.

ஸ்டோரேஜும் இதே கதைதான். 2013-இல் வந்த மைக்ரோசாஃப்ட் சர்ஃபேஸ் ப்ரோவின் 64 ஜிபி மாடலில், நமக்கு மிஞ்சுவது சுமார் 23 ஜிபிதான் என்று விற்பனை தொடங்கும் முன்பு அந்த நிறுவனமே சொன்னது. மீதியெல்லாம் விண்டோஸும் அதன் பரிவாரங்களும்!

அப்புறம் 'லேப்டாப்பே தேவையில்லை'. மகள் என்ன படிக்கப்போகிறாள் என்று நீங்கள் எழுதவில்லை, விஷயமே அதில்தான் இருக்கிறது. தமிழ் இலக்கியமோ சட்டமோ என்றால், பிடிஎஃப் படிக்கவும் குறிப்பெடுக்கவும் டேப்லெட் தாராளமாகப் போதும். பி.காம் படித்து டேலி என்ற கணக்கு மென்பொருளைக் கற்க வேண்டும், மெக்கானிக்கல் படித்து சாலிட்வொர்க்ஸ் மென்பொருளில் வரைய வேண்டும் என்றால் அவற்றுக்கு விண்டோஸ் கம்ப்யூட்டர் வேண்டும், ஆண்ட்ராய்டு டேப்லெட்டில் நிறுவ முடியாது. 2017-இல் ஆப்பிள் ஒரு ஐபேட் விளம்பரம் போட்டது: கம்ப்யூட்டரில் என்ன செய்துகொண்டிருக்கிறாய் என்று பக்கத்து வீட்டம்மா கேட்க, "கம்ப்யூட்டரா, அப்படின்னா என்ன?" என்கிறது பிள்ளை. ரொம்ப அழகான விளம்பரம். ஆனால் செயலி எழுதுகிறவர்களுக்காக அதே ஆப்பிள் தரும் எக்ஸ்கோட் மென்பொருள் மேக் கம்ப்யூட்டரில்தான் ஓடும், ஐபேடில் ஓடாது. விளம்பரப் படத்தில் மாட்டியிருக்கும் கீபோர்டும் பேனாவும் பெட்டிக்குள் வருமா, தனியாக வாங்க வேண்டுமா என்பதையும் கேட்டுவிட்டு பட்ஜெட் போடுங்கள்.

கேள்வி: '4கே வீடியோ சப்போர்ட்' என்று சொல்லித்தான் டேப்லெட் விற்றார்கள். படம் ஏன் மங்கலாகத் தெரிகிறது?
– வாசகி, சேலம்

பதில்: 4கே ஃபைலைத் திறக்கும் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள், 4கே-யில் காட்டும் என்று சொல்லவில்லை! உங்கள் திரையில் 1280x800 புள்ளிகள்தான் இருந்தால் 4கே படமும் அதற்குள் சுருங்கித்தான் ஆகவேண்டும். ஓடிடி படங்கள் மட்டும் இன்னும் மோசமாகத் தெரிகிறதா? அப்படியென்றால் படங்களைத் திருட்டு நகல் எடுக்காமல் காக்கும் 'வைட்வைன்' என்ற பாதுகாப்பு முறையில் உங்கள் டேப்லெட் எல்3 என்ற கீழ்நிலையில் இருக்கலாம். எல்1 என்ற மேல்நிலை இல்லாவிட்டால் நெட்ஃபிளிக்ஸ் போன்றவை எச்டி தராது, திரை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் சரி. வாங்கும் முன் பார்க்க வேண்டிய இந்த எல்1-ஐ எந்த போஸ்டரிலும் பெரிதாகப் போடமாட்டார்கள்.

கேள்வி: பெரிய கம்பெனிகள் இந்த மாதிரி ஏமாற்று வேலை செய்யாதுதானே?
– வாசகர், காரைக்குடி

பதில்: 2012 மார்ச்சில் ஆப்பிள் புது ஐபேடை 'வைஃபை + 4ஜி' என்ற பெயரில் விற்றது. அதில் 4ஜி நிஜமாகவே இருந்தது, அமெரிக்காவிலும் கனடாவிலும் வேலையும் செய்தது. ஆஸ்திரேலியாவிலும் அதே பெயரில் விற்றார்கள், அங்கே டெல்ஸ்ட்ரா நிறுவனத்தின் 4ஜி ஓடியது 1800 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், ஐபேடுக்குத் தெரிந்ததோ 700-உம் 2100-உம். அந்த நாட்டு நுகர்வோர் ஆணையம் கோர்ட்டுக்குப் போனது. ஆப்பிள் 22.5 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் கட்டியது, பெயரையும் 'வைஃபை + செல்லுலார்' என்று மாற்றிக்கொண்டது. சொன்ன வசதி பெட்டிக்குள் இருந்தும், வாங்கியவர் ஊரில் அது ஓடாததால் வந்த அபராதம் இது. இங்கே 5ஜி டேப்லெட் வாங்குகிறவர்கள் தங்கள் சிம் கம்பெனியின் அலைவரிசை அந்த டேப்லெட்டின் அலைவரிசைப் பட்டியலில் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

கேள்வி: 35 டாலர் ஆகாஷ் டேப்லெட் என்று ஒன்று வந்ததே, ஞாபகம் இருக்கிறதா?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: மறக்குமா! 2011 அக்டோபர் 5, மாணவர்களுக்கான இந்த மலிவு டேப்லெட்டை டெல்லியில் அன்றைய மத்திய மனிதவள அமைச்சர் கபில் சிபல் வெளியிட்டார். 35 டாலர் என்பது ஆசைப்பட்ட விலை, தயாரித்த நிறுவனத்துக்கு அரசு கொடுத்தது ஏறக்குறைய 50 டாலர். 366 மெகாஹெர்ட்ஸ் பிராசசர், 256 எம்பி ரேம், விரலால் அழுத்தினால்தான் நகரும் திரை. 'உலகிலேயே மலிவு' என்று உலகமெங்கும் பேசப்பட்டது, விலையைப் பொறுத்தவரை அதில் தப்பில்லை. பாடம் படிக்க அது உதவுமா என்ற கேள்விதான் பின்னால் போய்விட்டது. அடுத்த வருடம் வந்த ஆகாஷ் 2-இல் 1 கிகாஹெர்ட்ஸ் பிராசசர், 512 எம்பி ரேம், தொட்டாலே நகரும் திரை என்று மாற்றினார்கள். முதல் மாடல் எப்படி இருந்தது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

கேள்வி: 10 மணி நேரம் பேட்டரி நிற்கும் என்றார்கள், ஐந்து மணி நேரத்தில் படுத்துவிடுகிறது. புகார் கொடுக்க முடியுமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: '10 மணி நேரம் வரை' என்று போட்டிருக்கிறதா பாருங்கள். அந்த 'வரை'யைப் பிடித்துக்கொண்டுதான் அவர்கள் வாதாடுவார்கள். திரை வெளிச்சத்தைக் குறைத்து, வைஃபையில் வீடியோ ஓடவிட்டு எடுத்த கணக்காக இருக்கும், உங்கள் பையன் முழு வெளிச்சத்தில் கேம் ஆடினால் பாதிகூட வராது. அப்படி இல்லாமல் சாதாரணமாகப் பயன்படுத்தியும் ஐந்து மணி நேரம்தான் என்றால் 1915-க்குப் போன் செய்யுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண். தவறான விளம்பரத்துக்கு 2019 நுகர்வோர் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். 2022-இல் வந்த விதிமுறைகள், விளம்பர வாசகம் எந்த மொழியிலோ அதே மொழியில்தான் நிபந்தனையும் இருக்க வேண்டும், எழுத்தும் அதே மாதிரி இருக்க வேண்டும் என்கின்றன. தமிழில் பெரிதாக '10 மணி நேரம்' என்று போட்டு, ஸ்டார் குறிக்குக் கீழே ஆங்கிலத்தில் எறும்பெழுத்தில் ஏதாவது இருந்தால் முதலில் அதை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பில்லோடு சேர்த்து.