ஐந்துக்கு ஐந்து பெயிண்ட்பால்: ஆரம்பத்திலேயே அவுட் ஆகாமல் இருக்க

கேள்வி: அலுவலக நண்பர்கள் பத்துப் பேர் இரண்டு அணியாகப் பிரிந்து பெயிண்ட்பால் ஆடினோம். கொடி பிடிப்பதெல்லாம் இல்லை. எதிரணி முழுக்க அவுட் ஆனால் வெற்றி. ஆளுக்கு 50 சாயக் குண்டு; உடம்பில் பட்டு உடைந்தால் அவுட். மூன்று ஆட்டத்திலும் எங்கள் அணி இரண்டே நிமிடத்தில் காலி. மிச்சம் இருந்தவர்களிடம் குண்டும் இல்லை. அடுத்த முறை என்ன செய்வது?

பதில்: இரண்டு குறைகளுக்கும் வேர் ஒன்றுதான். ஆள் தெரிந்ததும் சுடுகிறீர்கள். இந்த ஆட்டத்தில் ஆள் தெரிவதற்கு முன்பே, அவர் எந்த வழியாக வருவார் என்று பார்த்து வைத்திருக்க வேண்டும்.

வாடகை மைதானங்களில் குண்டின் வேகத்தைப் பெரும்பாலும் நொடிக்கு 280 அடி அளவில், அதாவது சுமார் 85 மீட்டரில் வைத்திருப்பார்கள். 30 மீட்டர் தள்ளி ஓடுகிற ஆளைச் சேர அந்தக் குண்டுக்கு மூன்றில் ஒரு நொடிக்கு மேலேயே ஆகும். காற்றுத் தடையால் இன்னும் தாமதமாகும். அதற்குள் அவர் ஒன்றரை, இரண்டு மீட்டர் நகர்ந்திருப்பார். ஆளைக் குறிவைத்தால் குண்டு அவர் முதுகுக்குப் பின்னால்தான் போகும். அதனால் விசில் அடிக்கும் முன் எதிர்ப்பக்கத்தைப் பாருங்கள். எதிரணியினர் ஓடி ஒளியப்போகும் டிரம், டயர் அடுக்கு, பலகை எது, அதற்குப் போகும் வழியில் திறந்து கிடக்கும் இடைவெளி எது என்று தேர்ந்தெடுங்கள். விசில் அடித்ததும் அந்த இடைவெளியில் நெஞ்சு உயரத்துக்கு, அரை நொடிக்கு ஒன்றாக ஏழெட்டுக் குண்டு விடுங்கள். ஓடிவருகிறவர் தானாகவே அதில் வந்து மோதுவார். இதைத்தான் லேன் போடுவது என்பார்கள்.

ஐந்து பேரும் லேன் போட வேண்டாம். இரண்டு பேர் பின்னால் நின்று போடட்டும், மூன்று பேர் ஓடட்டும். ஓடுகிறவர் சுடக்கூடாது. மூன்று நான்கு நொடியில் எட்டக்கூடிய மறைவிடத்தை முன்பே முடிவுசெய்துகொண்டு தலை குனிந்து ஓட வேண்டும். பாதி வழியில் மனம் மாறி நின்றவர்தான் முதலில் அவுட் ஆவார்.

யூடியூபில் பார்க்கும் பெரிய போட்டிகளைக் கண்டு ஏமாற வேண்டாம். அங்கே மார்க்கர் (குண்டு சுடும் துப்பாக்கி) நொடிக்குப் பத்துக் குண்டு சுடும்; முதுகில் பட்டை கட்டிக் குப்பி குப்பியாகக் குண்டு கொண்டு போவார்கள். அந்த வேகத்தில் உங்கள் 50 குண்டு ஐந்து நொடிதான் வரும். தொடக்கத்துக்குப் பத்து, நடு ஆட்டத்துக்கு இருபத்தைந்து, கடைசிக்குப் பதினைந்து என்று மனதில் பிரித்து வையுங்கள். 1981 ஜூன் 27 அன்று அமெரிக்காவின் நியூ ஹாம்ஷயரில் பன்னிரண்டு பேர் ஆடிய பெயிண்ட்பாலின் முதல் ஆட்டம், கொடி சேகரிக்கும் ஆட்டம். அதில் வென்றவர் ஒரு குண்டுகூடச் சுடவில்லை.

மறைவுக்குப் போன பிறகு நிற்கும் விதத்தில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். பலகையில் ஒட்டிக்கொண்டு நிற்காதீர்கள். ஒட்டினால் எட்டிப் பார்க்க முழுத் தலையும் வெளியே போக வேண்டியிருக்கும். ஒரு கை நீளம் தள்ளி நில்லுங்கள். முழங்கையை விலாவோடு சேர்த்து, மார்க்கரைச் சுடத் தயாராகப் பிடித்துக்கொண்டு, இடுப்பிலிருந்து சாய்ந்து வெளியே வாருங்கள். மாஸ்க்கின் ஒரு கண் பக்கமும் பேரலும் (மார்க்கரின் குழல்) தெரிந்தால் போதும். ஒன்றிரண்டு குண்டு, உடனே உள்ளே. அடுத்த முறை வேறு உயரத்தில், முடிந்தால் மறுபக்கத்தில் வாருங்கள். ஒரே இடத்தில் இரண்டாம் முறை தலை நீட்டினால் அங்கே குண்டு காத்திருக்கும். இடப்பக்கம் வரும்போது மார்க்கரை இடக்கைக்கு மாற்றுங்கள். மாற்றாவிட்டால் தோளும் ஹாப்பரும் (மார்க்கர் மேலிருக்கும் குண்டு டப்பா) முதலில் வெளியே தெரியும். ஹாப்பரில் பட்டு உடைந்தாலும் பெரும்பாலான மைதானங்களில் அவுட்தான்.

அடுத்தது பேச்சு. வெட்கப்படாமல் கத்துங்கள். ஆட்டத்துக்கு முன் ஒவ்வொரு மறைவுக்கும் பெயர் வையுங்கள்: நீல டிரம், பெரிய டயர், கோணப் பலகை. “நீல டிரம்ல ஒருத்தன், வலது பக்கம் பாக்குறான்” என்றால் மற்ற நால்வருக்கும் அது கண். எதிரணியில் ஒருவர் போனதும் “நாலு!” என்று கத்துங்கள். அவுட் ஆனவர் மட்டும் பேசக்கூடாது. மார்க்கரைத் தலைக்கு மேல் தூக்கி, பேரல் உறையை மாட்டி, வாய் திறக்காமல் வெளியேற வேண்டும்.

ஐந்துக்கு நான்கு என்று ஆனதும் முன்னேறுங்கள். ஒரு பலகை ஒரு திசையைத்தான் மறைக்கும். உங்களில் ஒருவர் எதிராளியின் பலகை ஓரத்தில் இரண்டு நொடிக்கு ஒரு குண்டு விட்டுக்கொண்டே இருந்தால் அவரால் தலை நீட்ட முடியாது. அந்த நேரத்தில் இன்னொருவர் பக்கவாட்டில் அடுத்த மறைவுக்கு ஓடலாம். இரண்டு திசையிலிருந்து பார்த்தால் ஒளிய இடமே இல்லை. சொல்லாமல் கொள்ளாமல் தனியாகப் பாய்பவர், கிடைத்த ஓர் ஆள் கணக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வருவார்.

குண்டு வளைந்து வளைந்து போனால் பேரலுக்குள் ஒன்று உடைந்திருக்கும். அந்த ஈரத்தில் அடுத்ததும் நேராகப் போகாது. சுடுவதை நிறுத்தி, ரெஃப்ரியிடம் துடைப்பான் கேளுங்கள். ஜெலட்டின் ஓடு ஈரம் பட்டால் உப்பும், வெயிலில் மெத்தென்று ஆகிப் பட்டாலும் உடையாமல் தெறிக்கும். வியர்வைக் கையால் குண்டை அள்ளிப் போடாதீர்கள். கீழே விழுந்ததை எடுத்துப் போடவே வேண்டாம், மண் ஒட்டியிருக்கும்.

மாஸ்க்கில் ஆவி படிந்தால் எத்தனை அவசரமானாலும் மைதானத்துக்குள் கழற்றாதீர்கள். இந்த வேகத்தில் வரும் குண்டு கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். கையை உயர்த்தி ரெஃப்ரியைக் கூப்பிட்டு வெளியே போய்த் துடையுங்கள். நெற்றியில் வியர்வைக்குத் துணி கட்டலாம். மூக்கு, வாயை மூடிக் கட்டினால் மூச்சு மேலே ஏறி ஆவி இன்னும் கூடும்.

கடைசியில் மூன்றுக்கு ஒன்று என்று வந்தால் எஞ்சியவரிடம் எவ்வளவு குண்டு இருக்கும் என்று யோசியுங்கள். ஒருவர் கைக்குட்டை அளவு மட்டும் மார்க்கரைக் காட்டிக் காட்டி இழுக்க, அவர் சுட்டுத் தீர்க்கட்டும். மற்ற இருவரும் இரு பக்கமும் நெருங்கலாம். மூன்று மீட்டருக்குள் போய்விட்டால் சுடாமல் “சரண்டர்” என்று கேளுங்கள். அவ்வளவு கிட்டத்தில் பட்டால் தோல் கன்றிப்போகும். அந்த மைதானத்தில் இதற்கு என்ன விதி என்று ஆட்டத்துக்கு முன்பே ரெஃப்ரியிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.